ஒரு கையெழுத்து போதும்

தன்னை ஏன் நம்பினாய் என்று ஒருவர் சண்டை பிடிப்பதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். செஞ்சி பேருந்து நிலையத்தில் தொண்டூர் பஸ் கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். புதுப் பாஸ்புக் தம்பியின் கையில் இருந்தது.

“ஒரு கையெழுத்து போதும்னு ஏன்க்கா சொன்ன?”

“பணம் எடுக்க ரெண்டு பேரும் வரணுமா, ஒருத்தர் வந்தா போதுமான்னு மேனேஜரு கேட்டாரு. சொன்னேன்.”

“ரெண்டு பேரும்னு சொல்லியிருக்கலாம் இல்ல? நான் குடுத்த செக்கெல்லாம் திரும்பி வந்தது ஊருக்கே தெரியும். பழைய கணக்கையே முடக்கிட்டாங்க. எந்த பேங்குலயும் என்னைச் சேக்கல. இன்னிக்கு நீ கூட வந்து பேசினதாலதான் உன் கணக்குல என் பேரும் சேந்து ஏறிச்சு.”

“அது நீ கடை வச்சு நொடிச்சப்போ. இப்போ இன்னா? மல்லாட்டை வித்த காசுதானே வரப்போவுது? சேந்துதானே பயிர் வச்சோம்?”

“மாமாவே என்னோட சேந்து கணக்கு வேணாம்னாரே.”

“அவரு ஆயிரம் சொல்லுவாரு. ரெண்டு கையெழுத்துன்னா ஒவ்வொரு தடவையும் நானும் இல்ல பஸ் ஏறணும்? எனக்கு முட்டி வலிக்குது.”

தம்பி பாஸ்புக்கை நீட்டினார்.

“இதையாவது நீயே வச்சுக்கக்கா.”

“உன்கிட்டயே இருக்கட்டும்டா. என் பையில தயிர் ஒழுவுது.”

அவர் அதைச் சட்டைப்பையில் வைத்து, மேலே கையை அழுத்திக்கொண்டார்.

அக்கா இறங்கும்போது பையைப் பார்த்தேன். ஒரு சீப்பு வாழைப்பழம் மட்டும்தான் இருந்தது.