முத்துப்பேச்சி அனுப்பிய முப்பத்தொரு பேர்

மேடையில் இடம் கிடைத்த பெரியோர்களே, கிடைக்காததால் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அதே அளவு பெரியோர்களே, விதைப்பை அரைநாள் நிறுத்திவிட்டு வந்திருக்கும் விவசாயிகளே, வணக்கம்.

நமது இளம் உழவர் மன்றத்தின் செயலாளர், செயல் வீராங்கனை முத்துப்பேச்சி அவர்கள் சென்ற செவ்வாய்க்கிழமை காலமானார். "செயல் வீராங்கனை" என்பது இன்று காலை பேனரில் நாம் சூட்டிய பட்டம். அவர் இருந்தபோது நாம் சூட்டியது "ஊர் சுத்துறவ" என்பது.

நம் பக்கத்தில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜெண்டுகளுக்குக் குறைவா? அனுப்பிய பிள்ளையை மூன்றே மாதத்தில் அவன் புஞ்சையிலேயே திரும்ப நிறுத்தியவர் யார்? முத்துப்பேச்சி ஒருவர்தான்! கென்யாவின் வறண்ட சீமைக்கு முப்பத்தொரு பேரை வேளாண் பயிற்சிக்கு அனுப்பினார். முப்பத்தொரு பேரும் திரும்பினார்கள்!

இந்தத் திட்டத்தை அவர் முதலில் பந்தல்குடிக் கூட்டத்தில் அறிவித்தபோது விவசாயி உக்கிரபாண்டி எழுந்தார். "ஏக்கா, அங்கயும் மழை கெடையாதாமே? அதைப் பாக்க ஏரோப்பிளேன் எதுக்கு?"

"மழை பெய்யுற ஊருக்குப் போயி நீ என்னத்தலே படிக்கப் போற?" என்றார் முத்துப்பேச்சி.

முதல் குழுவில் போனவர் உக்கிரபாண்டிதான். ஓடையில் சுவர் எழுப்பி மணலுக்குள் தண்ணீரைத் தேக்கும் வேலையைக் கற்று வந்தார். இன்று அவர் கிணற்றில் சித்திரையிலும் தண்ணீர் கிடக்கிறது.

பதிலுக்குக் கென்யாவிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். நாம் விடுவோமா? ஒன்பது நாளில் பதினேழு வரவேற்புக் கூட்டம், ஆளுக்கு இருபது பொன்னாடை. வரவேற்புரை அத்தனையும் அடியேன். பத்தாம் நாள் முத்துப்பேச்சி மேடையேறினார். "அண்ணே, மைக்கை வையுங்க. பிள்ளைக புஞ்சையப் பாக்க வந்திருக்கு, நம்மளை இல்ல." ஆறு பேரையும் பாதி உரையிலேயே களைவெட்டுக்கு அழைத்துப் போனார். என் உரையில் கைதட்டல் கிடைத்த ஒரே இடம் அதுதான்.

இந்த ஆண்டு முதன்முறையாக ஒரு பெண், பாளையம்பட்டி சமீனா, வரும் வெள்ளிக்கிழமை கென்யா புறப்பட வேண்டும். அவருடைய தந்தை மதார் சாகிபு இரண்டாம் வரிசையில் இருக்கிறார். முத்துப்பேச்சியின் சொல்லை நம்பிச் சம்மதித்தவர். நேற்று மகளோடு மன்றத்துக்கு வந்தார்.

"அவுகளே போயிட்டாக. இனி என் பிள்ளையத் திருப்பிக் கொண்டாரது யாரு, நீங்களா?"

நான் மன்றத்தின் துணைத்தலைவன். வழக்கப்படி மைக்கைத் தேடினேன்.

சமீனா மைக் இல்லாமலே பேசினார். "அத்தா, அக்கா யாரையும் போயிக் கூட்டிட்டு வரல. பொறப்படுறதுக்கு முன்னாடி அவுகவுக நிலத்துல ஒரு வெள்ளாமைய வெதைக்கச் சொல்லுவாக. வெதைச்சவுக அறுக்க வந்துருவாக. நான் முந்தாநாளே குதிரைவாலி வெதைச்சுட்டேன்."

"எங்க?"

"கம்மாய்க்கரைப் புஞ்சையில."

"அங்க மாடு எறங்குமேம்மா!"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீகள்ல."

 மதார் சாகிபு என் பக்கம் திரும்பி, முள்வேலி போட யாரைப் பிடிக்கலாம் என்று கேட்டார். சமீனா வெள்ளிக்கிழமை போகிறார்!

சபையோரே, முத்துப்பேச்சி அவர்களுக்குச் சிலை வைக்க ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. ஓரமாக இருக்கட்டும். இந்த மன்றம் இன்று எடுக்கும் உறுதி வேறு. சமீனா வந்து அறுக்கும் நாள்வரை அந்தப் புஞ்சையில் ஒரு மாடும் வாய் வைக்காது. நாம் முறை போட்டுக் காவல் இருப்போம். சனிக்கிழமை உக்கிரபாண்டி. ஞாயிறு மதார் சாகிபு. திங்கள் நான்.