மூன்று சதவீதமும் ஒரு கமிட் மெசேஜும்

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு முதலில் பொறுத்தருள வேண்டுங்க. நாளைக் காலை பெருமாநல்லூர் மண்டபத்தில், நம் மென்பொருள் நிறுவனத்தின் ஆண்டு விழா மேடையில் நான் பேச வேண்டியது. மகளுக்குக் காய்ச்சல், இப்போதுதான் கண்ணயர்ந்தாள். வர இயலாது. ஆகவே பேச்சை எழுத்தாகவே நம் அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புகிறேன். மேடையில் நிற்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

தலைமையேற்று வீற்றிருக்கும் லிங்கசாமி ஐயா அவர்களே! பனியன் தொழிலின் பாடறிந்து எங்களுக்கு வேலை தந்த பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பொறுப்பைத் தோளிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! விசைப்பலகை தட்டியே விரல் தேய்ந்த தோழர்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு: கமிட் மெசேஜை எப்படி எழுதுவது? தாய்மார்கள் திகைக்க வேண்டாம். மென்பொருளில் ஒன்றை மாற்றினால், கூடவே ஒரு வரி எழுதி வைப்போம். அவ்வளவுதான். அந்த ஒற்றை வரிக்குத்தான் நம் அலுவலகம் இரு கட்சியாகி நிற்கிறது!

அருள்செல்வன் சொல்கிறார்: "இங்கிலீஷ்ல, அஞ்சு வார்த்தைக்குள்ள, முன்னாடி 'ஃபிக்ஸ்'னு போட்டு முடிச்சிருங்கக்கா." கலைமகள் சீறுகிறார்: "ஏனுங்க, தந்தியா அடிக்கறோம்? தமிழ்ல நாலு வரி எழுதுனா கை தேஞ்சா போயிரும்?"

சுருக்கமா சிறப்பு? விளக்கமா விவேகம்? அவர் பேசினால் அதுவே சரி என்கிறது மனம். இவர் பேசினால் இதுவும் சரி என்கிறது. தீர்ப்புச் சொல்ல வந்தவளுக்கே தலை சுற்றுகிறது. யாரங்கே சிரிப்பது, முருகேஷா? சிரிங்க தம்பி. உங்க கமிட்டையும் பார்த்தேன். வெறும் புள்ளி ஒன்று வைத்திருக்கிறீர்கள்!

இந்தக் குழப்பத்தில் இன்னொரு குழப்பம். துணி துவைத்தால் சுருங்கும். அதனால் வெட்டும் அளவைச் சற்றுக் கூட்டியே சொல்லும் நம் மென்பொருள். குழந்தைகள் பனியனுக்கு மட்டும் இன்னும் மூன்று சதவீதம் கூடியிருக்கிறது. ஏன்? பழைய ரகத் துணிக்காகவா? இப்போது வந்திருக்கும் புது ரகத்துக்கும் வேண்டுமா? கமிட் மெசேஜைத் திறந்தேன். எழுதியவன் நம் அலுவலகத்தின் இளையவன் கவின். எழுதியது: "அண்ணன் சொன்னாங்க, மாத்தியாச்சுங்க."

எந்த அண்ணன்? பெயர் சொன்னால் மரியாதைக் குறைவாம்! கவினுக்கே போன் போட்டேன்.

"போன வருஷமுங்கக்கா... நம்ம ஆபீஸ் சீனியருங்க ரெண்டு பேர்ல, சாமியப்பண்ணனா, மாரப்பண்ணனான்னு ஞாபகமில்லீங்க."

"எதுக்கு மாத்தச் சொன்னாங்க, கண்ணு?"

"அண்ணன் சொன்னா எதுக்குன்னு கேக்க முடியுமுங்களா?"

கேட்டிருக்க வேண்டும், அவையோரே! என்ன மாற்றினோம் என்பதை மென்பொருளே காட்டும். எதற்கு மாற்றினோம் என்பதை எவர் காட்டுவது? 'ஃபிக்ஸ்' என்று எழுதியிருந்தாலும் எனக்கு விடையில்லை. வளைத்து வளைத்து நாலு வரி தமிழில் எழுதியிருந்தாலும் விடையில்லை. சுருங்க எழுதுங்கள், விரிய எழுதுங்கள். ஆங்கிலமா தமிழா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை, அதை அவையே முடிவு செய்யட்டும். ஆனால் காரணம் எழுதுங்கள்! சொன்னவர் பெயர் எழுதுங்கள்! பெயரெழுதினால் மரியாதை போய்விடாது. பின்னால் ஓர் 'அவர்கள்' சேர்த்துக்கொள்ளுங்கள்!

நாளை மறுநாள் காலை சேவூர் பனியன் யூனிட்டில், நம் மென்பொருள் சொல்லும் அளவை வைத்துப் புது ரகத் துணியை வெட்டப் போகிறார்கள். அந்த மூன்றைத் தவறாக எடுத்தால், ஒரு தடவை துவைத்த பனியன் பிள்ளையின் தலைக்குள் நுழையாது. தவறாக விட்டால் தோளிலிருந்து நழுவும். எதைச் செய்வேன் நான்?

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட எல்லோருக்கும் என் நன்றியும் வணக்கமும்.

சாமியப்பண்ணா, மாரப்பண்ணா, கவினிடம் சொன்னது உங்களில் யாருங்க, எதுக்குங்க? விழா முடியட்டும் என்று இருக்காமல், பார்த்ததும் பதில் போடுங்க.