கூலர் ஜில்லுன்னு இருக்கு

செம்பட்டியிலிருந்து திண்டுக்கல் வரும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள். கணவர் மடியில் இருந்த கம்ப்யூட்டரை நாகல் நகர் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"உள்ள ப்ராசஸர் மேல மாட்டுன கூலர் அருமையா வேல செய்யுது. தொட்டுப் பாத்தேன், ஐஸ் மாதிரி ஜில்லுன்னு இருக்கு" என்றார் அவர்.

"கீழ ப்ராசஸர் கொதிக்குது, மேல கூலர் ஜில்லுன்னு இருக்கு. அப்ப சூடு மேல ஏறவே இல்லைங்க. இதுல பெரும வேறயா?"

"ஃபேன் சுத்துதுல்ல?"

"சுத்தி என்ன செய்ய? தாலி கட்டுற எடம் வந்தாலே மிசினு அணைஞ்சு போகுது. கல்யாணம் நடந்துச்சா இல்லையான்னு பொண்ணு வீட்டுல கேக்குறாக."

"புதுக் கூலரும்மா. நானே என் கையால மாட்டுனேன்."

"அதான் பயமா இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல சூடு கடத்துற பேஸ்ட் தடவுனீகளா?"

"நல்லாத் தடவுனேன்."

"கூலருக்கு அடியில ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள உரிச்சிட்டுத்தான தடவுனீக?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உரிச்சாக் கீறல் விழுமேன்னு…"

அந்தம்மா எழுந்து நின்று கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, எங்கள இங்கனயே எறக்கி விட்டுருங்க. ரிப்பேர் கடை வேணாம், எங்கிட்ட நகம் இருக்கு."