தபாலில் போகாத கவர்

மார்லிஸ்: ...அதனால முதல்ல அந்தக் கார்டை எடுத்து மேஜைமேல வைங்க, ரோலின். சிவப்பும் நீலமும் போட்ட அரசாங்கக் கார்டு. மெடிகேர்னு எழுதியிருக்கும், அறுபத்தஞ்சு வயசானா அரசாங்கம் தர்ற மருத்துவ இன்ஷூரன்ஸ் கார்டு.

ரோலின்: அது கையில இல்ல. தூண்டில் பெட்டியில கிடக்கு.

மார்லிஸ்: தூண்டில் பெட்டியிலயா?

வெர்னா: கேட்டுக்கோ மார்லிஸ். நாப்பத்தாறு வருஷமா நான் இவர்கூடத்தான் குடும்பம் நடத்தறேன்.

ரோலின்: இனிமே அந்தக் கார்டு தேவையே இல்லன்னு அந்த ஆளு சொன்னாரு.

மார்லிஸ்: எந்த ஆளு?

வெர்னா: ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நெடுஞ்சாலை ஓட்டல்ல கூட்டம் போட்டானே, அந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். பாலிசி விக்கறவன் சாப்பாடு போடக்கூடாதுன்னு சட்டமாம். அதனால காபியும் செர்ரி கேக்கும்.

ரோலின்: கேக்குக்காக நான் கையெழுத்துப் போடல.

வெர்னா: ரெண்டு துண்டு சாப்பிட்டீங்க.

மார்லிஸ்: சரி சரி... நூலகம் இது. மேல பிள்ளைங்க படிச்சிட்டிருக்காங்க. ரோலின், நேத்து போன்ல சர்ஜன் பேரைச் சொல்லிப் பதறினீங்களே, என்ன நடந்தது? மெதுவா சொல்லுங்க.

ரோலின்: டி மாய்ன்ஸ் நகரத்துல இருக்கற சர்ஜன் ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாங்க. ஜனவரி ஒன்பதாம் தேதி என் இருதய வால்வை மாத்தறதா இருந்தாங்க இல்ல... உங்க இன்ஷூரன்ஸை நாங்க ஏத்துக்கறதில்லைன்னுட்டாங்க.

மார்லிஸ்: உங்க கம்பெனியைக் கேட்டீங்களா?

ரோலின்: கேட்டேன். எங்க பட்டியல்ல வேற டாக்டர் இருக்காரு, நாலு மணி நேரம் கார்ல போகணும், அவருக்கு ஏப்ரல்லதான் இடம் இருக்கு, அதுக்கும் நாங்க முதல்ல அனுமதி தரணும்னு சொல்றாங்க.

வெர்னா: ஜனவரியைத் தாண்டக் கூடாதுன்னு சர்ஜன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரு, மார்லிஸ். இவர் முகத்தைப் பார்த்து இல்ல.

மார்லிஸ்: ம்... புரியுது. மெடிகேர்ல ஏ, பி, சி, டின்னு நாலு பிரிவு. நீங்க சேர்ந்திருக்கிறது சி.

ரோலின்: ஏ, பி, சி, டி... எல்லாம் ஒரே அரசாங்கம்தானே? ஏ-வும் பி-யும் ஏற்கெனவே என்கிட்ட இருக்கு. சி அதைவிட ஒருபடி மேலன்னு நெனச்சேன். ஸ்கூல்ல அடுத்த வகுப்புக்குப் போற மாதிரி.

மார்லிஸ்: இந்த மேஜைக்கு வர்றவங்கள்ல பாதிப்பேர் அப்படித்தான் நெனக்கறாங்க.

ரோலின்: ஸ்கூல் பஸ் ஓட்டினவங்ககிட்ட வந்து இன்ஷூரன்ஸ் பாடம் கேக்கறேன் பாருங்க.

மார்லிஸ்: பஸ் ஓட்டினவளுக்கு மாநிலத்துல பயிற்சி கொடுத்து, ஆலோசனை சொல்ல உக்கார வெச்சிருக்காங்க. நான் எதையும் விக்கறதில்ல. அதனாலதான் என் மேஜையில கேக் கிடையாது. கவனிங்க. ஆஸ்பத்திரியில படுக்கறீங்க இல்ல, அந்தப் படுக்கை, நர்சு, கஞ்சி எல்லாம் ஏ. வால்வை மாத்தற சர்ஜனோட கை இருக்கே, அது பி. அதுக்கு முன்னாடி எடுக்கற ஸ்கேனும் பி. வீட்டுக்கு வந்தப்புறம் மருந்துக்கடையில வாங்கற மாத்திரை டி.

ரோலின்: அப்ப சி?

மார்லிஸ்: சி-ங்கறது இந்த மூணையும் சேர்த்துக் கட்டித் தூக்கி ஒரு தனியார் கம்பெனி கையில குடுக்கறது. பல்லு, கண்ணாடின்னு கூடுதலா ஏதாவது தருவாங்க. சில பேருக்கு அது நல்லாத்தான் ஒத்துவருது, குத்தம் சொல்லல. ஆனா யார்கிட்ட வைத்தியம் பார்க்கலாம்னு அவங்க ஒரு பட்டியல் வெச்சிருப்பாங்க.

ரோலின்: என் சர்ஜன் அதுல இல்ல.

மார்லிஸ்: இல்ல.

ரோலின்: அப்ப முடிஞ்சுது.

மார்லிஸ்: யாரு சொன்னா? இன்னிக்கு என்ன தேதி?

வெர்னா: டிசம்பர் மூணு.

மார்லிஸ்: வருஷத்துக்கு ஒருதரம் பிரிவு மாத்திக்க விடுவாங்க, ஏழாம் தேதி வரைக்கும் அந்தக் கதவு திறந்திருக்கு. நாம இங்கேயே உக்காந்து உங்களை டி-யில தனியா சேர்த்துட்டா, சி தானா விலகிடும். ஜனவரி ஒண்ணாம் தேதி உங்க ஏ-வும் பி-யும் பழையபடி வந்துடும். ஒருத்தரும் உடம்பைப் பத்தி ஒரு கேள்வி கேக்க முடியாது. மெடிகேரை ஒத்துக்கற எந்த சர்ஜன்கிட்டயும் போகலாம். உங்க சர்ஜன் ஒத்துக்கறார், காலையிலேயே போன் பண்ணிக் கேட்டுட்டேன்.

வெர்னா: கடவுளே...

ரோலின்: அவ்வளவுதானா? ராத்திரி பூரா கூரையைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தேன்.

வெர்னா: தெரியும். நானும் அதே கூரையைத்தான் பார்த்துட்டிருந்தேன்.

மார்லிஸ்: இருங்க... இன்னொண்ணு இருக்கு. பி எல்லாத்தையும் கொடுக்காது. நூத்துக்கு எண்பது கொடுக்கும். மிச்சம் இருபது உங்க தலையில. அதுக்கு உச்சவரம்பே கிடையாது.

ரோலின்: வால்வு ஆபரேஷன்ல இருபதா?

மார்லிஸ்: அதுக்குத்தான் துணைப் பாலிசின்னு ஒண்ணு. அந்த ஓட்டையை அடைக்கறதுக்கு. சி-க்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட இருந்ததே?

ரோலின்: இருந்துது. அறுபத்தஞ்சு வயசுல எடுத்தது. சி வந்தப்புறம் எதுக்குன்னு நிறுத்திட்டேன்.

மார்லிஸ்: நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சா...

ரோலின்: ஏன், அதையும் திரும்ப வாங்கிக்கறேன்.

மார்லிஸ்: முதல் வருஷத்துக்குள்ள திரும்பி வந்திருந்தா கேள்வி கேக்காமக் கொடுத்திருப்பாங்க. இப்போ உடம்பைப் பத்தி எல்லாம் கேப்பாங்க, ரோலின். ஜனவரியில வால்வு மாத்தப் போற ஆளுக்குக் கொடுக்க மாட்டாங்க. வால்வு விஷயம் எப்பத் தெரிஞ்சுது?

ரோலின்: இந்தக் கோடையிலதான்.

வெர்னா: ம்... கோடையில.

ரோலின்: நிலத்துல கொஞ்சம் வித்துடலாம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கறதை. பக்கத்துக்காரன் கேட்டுட்டேதான் இருக்கான்.

மார்லிஸ்: அவசரப்படாதீங்க.

ரோலின்: இல்லன்னா ஏப்ரல் வரைக்கும் இழுத்துக்கிட்டு சி-யிலயே இருந்துடறேன். ஒரு குளிர்காலம்தானே.

வெர்னா: ஏப்ரல்ங்கற வார்த்தை இன்னொரு தரம் உங்க வாயில வரக்கூடாது.

ரோலின்: வேற வழி என்ன இருக்கு, சொல்லு பார்ப்போம்.

வெர்னா: மார்லிஸ்... ஒரு சந்தேகம். பொதுவாத்தான் கேக்கறேன். ஒரு ஆளுக்கு சி-யும் இருக்கு, பழைய துணைப் பாலிசியும் இருக்குன்னு வெச்சுக்கோ. போலீஸ்ல பிடிப்பாங்களா?

மார்லிஸ்: போலீஸா? இல்லம்மா. சி வெச்சிருக்கறவனுக்குப் புதுசா துணைப் பாலிசி விக்கறதுதான் தப்பு. ஏற்கெனவே இருக்கறதை வெச்சிருந்தா குத்தமில்ல. ஆனா சி இருக்கற வரைக்கும் அதுல இருந்து ஒரு டாலர் வராது. சும்மா பணம் கட்டிட்டிருக்கணும். யாரு அப்படிச் செய்வா, பைத்தியக்காரத்தனம்.

வெர்னா: ம். அப்படித்தான் நானும் நெனச்சேன்.

மார்லிஸ்: ஏன் கேக்கறே?

வெர்னா: இந்தக் கைப்பையில ஒரு பில்லு இருக்கு. கண்ணாடி போட்டுப் பாரு.

மார்லிஸ்: காட்டு... இது... வெர்னா, இது துணைப் பாலிசி. ரோலின் பேருல. டிசம்பர் வரைக்கும் கட்டியிருக்கு.

ரோலின்: எந்தத் துணைப் பாலிசி? நான் நிறுத்திட்டேனே. ஏஜென்ட் கொடுத்த தாள்ல கையெழுத்துப் போட்டு, கவர்ல வெச்சு, இவகிட்டதானே தபால்ல போடச் சொல்லிக் கொடுத்தேன்?

வெர்னா: கொடுத்தீங்க.

ரோலின்: போட்டேன்னு சொன்னியே?

வெர்னா: போட்டுட்டேன்னுதான் சொன்னேன். எங்க போட்டேன்னு நீங்க கேக்கல. சர்ச்சுல வாசிக்கற என் ஆர்கன் இசை நோட்டுக்குள்ள போட்டேன்.

மார்லிஸ்: ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் சும்மா இருங்க. நான் கம்பெனிக்குப் போன் பண்ணிட்டு வர்றேன். இதைக் காதால கேட்டாத்தான் நம்புவேன்.

வெர்னா: அப்படிப் பாக்காதீங்க.

ரோலின்: ரெண்டு வருஷமா... பணம் எங்கிருந்து வந்துது?

வெர்னா: சர்ச்சுல சாவுக்கு ஆர்கன் வாசிச்சா கொடுக்கறாங்க இல்ல, அதுல.

ரோலின்: அதுல புதுத் திரைச்சீலை வாங்கப் போறேன்னியே?

வெர்னா: ஜன்னலைப் பார்த்தீங்களா, திரைச்சீலை மாறியிருக்கா? நம்ம ஊர்ல எந்தக் கிழவர் போனாலும் உங்க பாலிசி ஒரு மாசம் நகர்ந்துது. போன மார்ச்சு மாசம் ஒருத்தரும் சாகல. ரொம்பக் கஷ்டமாப் போச்சு. ரெண்டு கல்யாணத்துக்கு வாசிச்சு சமாளிச்சேன்.

ரோலின்: பில்லு ஒண்ணுகூட என் கண்ணுல படலியே.

வெர்னா: பாதையோரத் தபால்பெட்டி வரைக்கும் தினம் நடக்கறது யாரு?

ரோலின்: நீ நடக்கறது உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னதாச் சொன்னியே.

வெர்னா: டாக்டர் சொல்லல. நான் சொன்னேன்.

மார்லிஸ்: பேசிட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட ரெண்டு தடவை கேட்டேன். பாலிசி உயிரோட இருக்கு. ஒரு மாசம்கூட விட்டுப்போகல. ஜனவரி ஒண்ணாம் தேதி நீங்க ஏ-க்கும் பி-க்கும் திரும்பினதும் அது பாட்டுக்கு வேலை செய்யும். புதுசா விண்ணப்பம் வேண்டாம். கேள்வி கிடையாது. அந்த இருபதை அவங்க பாத்துக்குவாங்க.

ரோலின்: ஓடைக்கு அந்தப் பக்கம்...

மார்லிஸ்: ஒரு அடி விக்க வேண்டாம்.

ரோலின்: ஒன்பதாம் தேதி?

மார்லிஸ்: ஒன்பதாம் தேதியேதான். சர்ஜன் ஆபீஸுக்கு நானே சொல்லிடறேன். வாங்க, டி-க்கு உங்க மாத்திரைப் பேரெல்லாம் சொல்லுங்க, கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்ப்போம். அரைமணி நேர வேலை.

ரோலின்: கொஞ்சம் தண்ணி கிடைக்குமா, மார்லிஸ்.

மார்லிஸ்: இந்தாங்க. மெல்ல மெல்ல. அழறதுன்னா அழுங்க, கீழ்த்தளத்துல யாரும் இல்ல.

ரோலின்: அழல. இங்க சூடு ஜாஸ்தி.

வெர்னா: ஆமா, சூடுதான். இந்தக் கைக்குட்டையை வெச்சுக்கோங்க.

மார்லிஸ்: எனக்கு ஒண்ணுதான் புரியல, வெர்னா. உனக்கு ஏ-க்கும் சி-க்கும் வித்தியாசம் தெரிஞ்சிருந்துதா?

வெர்னா: இன்னிக்கு நீ சொல்லித்தான் தெரியும்.

ரோலின்: பின்ன ஏன் தபால்ல போடல? ஒண்ணுக்கும் உதவாத பாலிசிக்கு ரெண்டு வருஷம் பணம் கட்டியிருக்கே. அப்ப நான் கல்லுமாதிரி இருந்தேனே.

வெர்னா: நீங்க அந்தக் கவரைக் கொடுத்ததுக்கு முந்தின வாரம், வெளிய டிராக்டர்கிட்ட இருந்தீங்க. வீட்டுப் போன் அடிச்சுது. இருதய டாக்டர் கிளினிக். நீங்க அங்க போறதே எனக்குத் தெரியாது. உங்க எக்கோ, அதான் இருதயத்துக்கு எடுக்கற ஸ்கேன், செவ்வாய்க்கிழமை இல்ல, வியாழக்கிழமைக்கு மாத்தியிருக்குன்னாங்க. அவர் செல்லுக்கே கூப்பிட்டுச் சொல்லுங்க, நான் எடுத்தேன்னு சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். வியாழக்கிழமை காலையில டிராக்டருக்கு பெல்ட் வாங்கப் போறேன்னு நல்ல சட்டை கேட்டீங்க. நான் தேய்ச்சுக் கொடுத்தேன்.