டிபன் டப்பாவில் வந்த பனி

...மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் ஒரு சின்ன சம்பவம் சொல்லிட்டு மைக்கைக் கொடுத்துடறேன். கீழ பந்தியில எலை போட்டாச்சு, தெரியும். எனக்கும்தான் பசிக்குது. ஆனா இதைச் சொல்லாம இறங்கினா எனக்குச் சோறு எறங்காது!

போன வருஷம் நானும் என் வீட்டம்மா செண்பகவல்லியும் ஒரு கூட்டத்தோட சேர்ந்து கப்பல்ல நார்வே பக்கம் போனோம். எங்க பக்கத்து ரூம்ல ஒரு தம்பதி. சிவகாசியில பிரஸ் வச்சிருக்கவரு. சீனிராஜ்னு வச்சுக்கோங்க. அவரு சம்சாரம் தங்கபுஷ்பம். பேரை மாத்தித்தான் சொல்றேன், சொந்தக்காரங்க யாராவது உள்ள உக்காந்திருந்தா வம்பு.

மறுநாள் கப்பல் ஒரு ஊர்ல நிக்கும். கரையில இறங்கிச் சுத்திப் பாக்க ரெண்டே ரெண்டு ஏற்பாடு. ஒண்ணு, மலை மேல போற ரயில். உச்சியில இறங்கினா கால் வைக்கிற இடமெல்லாம் பனி. இன்னொண்ணு, கடைத்தெருவுக்குப் பஸ். எதுன்னு முந்தின நாள் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடணும். மலை ரயில்ல சீட்டு கம்மி.

இதுல யோசிக்க என்னங்க இருக்கு? சொல்லுங்க... என்ன இருக்கு?

நம்ம சீனிராஜ் யோசிச்சாரு. எப்படி? போனை எடுத்தாரு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டாரு. "மலையா, கடையா?" சிவகாசியில உக்காந்துக்கிட்டு மச்சினன் சொல்றான், "மாமா, மலைதான் நம்ம கொடைக்கானல்லயே இருக்கே!" கொழுந்தியா சொல்லுது, "அக்காவுக்கு மூட்டு வலி, மலையெல்லாம் வேணாம்." சித்தப்பா சொல்றாரு, "அவளுக்குக் குளிர் ஒத்துக்காது." சம்பந்தி வீட்டுல கேட்டாச்சு. பிரஸ்ல இருக்கிற கணக்குப்பிள்ளையைக் கூட கேட்டாச்சு! அந்த மனுஷன் கப்பலையே பாத்ததில்ல!

ஊரையே கேட்டாரு... பக்கத்துல உக்காந்திருக்கிற தங்கபுஷ்பத்தைக் கேட்டாரா?

அந்தம்மா என்ன பண்ணுச்சு தெரியுமா? புருஷன் காதுல விழற மாதிரி என்கிட்ட சொல்லுச்சு. "ஏண்ணே... மேல பனி நெசமாவே கையில அள்ளுற மாதிரி இருக்குமாமே?"

எனக்குப் புரிஞ்சுபோச்சு. உங்களுக்கும் புரியுதில்ல? அவருக்குப் புரியல! நான் பட்டுனு கேட்டேன், "ஏங்க, உங்க வீட்டம்மாவை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"அவளையா? அவ நான் எது சொன்னாலும் சரிம்பா சார்."

"பரவாயில்ல, கேளுங்க!"

கேட்டாரு. எப்படிக் கேட்டாரு? "ஏ புஷ்பம், உனக்கு மூட்டு வலி வேற... பேசாம கடைக்கே போயிருவமா?"

இது கேள்வியா? பதிலையும் அவரே உள்ள வச்சுத் தச்சுட்டாரே! சரி, அந்தம்மாவாவது வாயைத் திறந்துச்சா? தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒரே வார்த்தை...

"உங்க இஷ்டம்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! இவரு மேலயா, அந்தம்மா மேலயா, எனக்கே தெரியல. இந்த "உங்க இஷ்டம்"ங்கிறது சம்மதமாங்க? மனசுல இருக்கிறதை மடிச்சு பீரோவுல வச்சுப் பூட்டுறது! சாவியை எங்க வச்சோம்னு அவங்களுக்கே மறந்துபோகும்.

மறுநாள் அவங்க கடைக்குப் போனாங்க. நாங்க மலைக்குப் போனோம். என்ன மலைங்க அது! ஆனா செண்பகவல்லிக்கு மனசே ஆறல. மத்தியானம் தயிர்சோத்தைத் தின்னு முடிச்சதும், அந்த எவர்சில்வர் டப்பாவை நல்லாத் துடைச்சு, அது நெறயப் பனியை அள்ளி மூடினா. துண்டைச் சுத்தி மடியிலயே வச்சுக்கிட்டு வந்தா. நான் திட்டினேன். "உருகிடும்டி!" கேக்கல.

கப்பலுக்கு வந்து டப்பாவைத் தங்கபுஷ்பம் கையில கொடுத்தா. அது ஆசையாத் தொறந்துச்சு...

தண்ணி.

அந்தம்மா தண்ணியில விரலை வச்சுச்சு. "ஜில்லுனுதான்க்கா இருக்கு"ன்னு சிரிச்சுச்சு. சிரிச்சுக்கிட்டே இருக்கு, கண்ணுல பொல பொலன்னு கொட்டுது. சீனிராஜ் பதறிட்டாரு. "என்ன புள்ள, மூட்டு வலிக்குதா?"

மூட்டாம்!

அப்பத்தான் அந்தம்மா சொல்லுச்சு. "டூர் நோட்டீஸ்ல பனிமலைப் படத்தைப் பாத்துட்டு, டிக்கெட் போட்ட நாள்லருந்து தெனம் காலையில மொட்டை மாடிக்கு ஏறி ஏறி இறங்கினேன்ல... எதுக்குன்னு நெனச்சீங்க? மலைக்குப் போறப்ப காலு ஒத்துழைக்கணும்னுதான்."

அவரு சொல்றாரு, "நான்... நீ வத்தல் காயப்போடப் போறேன்னுல்ல நெனச்சேன்..."

ஜன்னல் வழியாப் பாத்தா மலை தெரியுது. கப்பல் கெளம்பிடுச்சு. திரும்பி நிக்குமா? கப்பல் யாருக்குங்க திரும்பி நிக்கும்?

மாப்பிள்ளை ஹரிபிரசாத்! கேட்டீங்களா? வீட்டுல ஒரு முடிவுன்னா முதல்ல இந்தப் பொண்ணைக் கேளுங்க. பதிலைச் சேர்த்து வச்சுக் கேக்காதீங்க. கேட்டுட்டு சும்மா இருங்க, அது பேசட்டும். ஆர்த்தி, உனக்கும்தாம்மா சொல்றேன். ஜாடை பேசாத. பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட சொன்னா புருஷனுக்குப் போய்ச் சேராது. வேணும்னா வேணும்னு சொல்லு. ஆசையை இன்னொருத்தர் டப்பாவுல அள்ளிட்டு வந்து கொடுக்க முடியாது தாயி. வர்றதுக்குள்ள தண்ணியாயிடும்.

எங்க, இப்பவே பாத்துருவோம். மாப்பிள்ளை, மைக்கைப் பிடிங்க. கல்யாணம் முடிஞ்சு எங்க போகலாம்னு பொண்ணைக் கேளுங்க... ம், கேட்டாச்சு. நீ சொல்லும்மா...

என்னது? "அவங்க இஷ்டமா"?

அடக் கடவுளே! இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தினது யாருக்குங்க? சிரிக்காதீங்க! சாம்பார் ஆறட்டும். நான் இறங்க மாட்டேன். மாப்பிள்ளை, இன்னொரு தடவை கேளுங்க. மாமியாரைப் பாக்காதம்மா, அவரைப் பாத்துச் சொல்லு...

ஆங்... என்ன... கடலா? கடல் பாக்கணுமா? மைக்ல சொல்லு தாயி. மண்டபம் பூரா கேக்கட்டும்!