கேஜ் அண்ணனும் உப்புத் தண்ணீர் டிரம்மும்

மேடையில் வீற்றிருக்கும் மேலாளர் ஐயா அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, ஷிப்டு முடிந்து முகம்கூடக் கழுவாமல் வந்து நிற்கும் பாய்லர் ஹவுஸ் தோழர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டு விடுகிறேன். மேலாளர் ஐயா பேசிக்கொண்டிருந்தபோது நான் இரண்டு முறை எழுந்து பின்பக்கம் போனேன். அழுகையை அடக்க முடியாமல் போகிறேன் என்று நினைத்து, சங்கத் தலைவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். தலைவரே, மன்னிக்க வேண்டும். நான் கழிவறைக்குத்தான் போனேன். அதற்கும் நம் அண்ணனுக்கும் சம்பந்தம் இருக்கிறது. போகப் போகச் சொல்கிறேன்.

நம் தலைமை பாய்லர் ஆபரேட்டர், முப்பத்தோரு வருடம் இந்த ஆலைக்கு நீராவி கொடுத்த மனிதர், நம் கேஜ் அண்ணன் போய்விட்டார். அவருக்கு ஏன் அந்தப் பெயர்? ஆளைப் பார்க்கும் முன் பாய்லரின் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜைப் பார்ப்பார். "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று கேட்டால், முள்ளைப் பார்த்துவிட்டு, "பத்து கிலோல நிக்குது, நல்லா இருக்கேன்" என்பார். எனக்கு அவர் வைத்த பெயர் சைரன். ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தோழர்களே, நம் பாய்லர் ஹவுஸ் வாசலில் நின்ற நீல டிரம் ஞாபகம் இருக்கிறதா? கரியை அள்ளிப் போட்ட காலத்தில் வைத்தது. அடுப்பு முன்னால் நின்றால் சட்டை வெள்ளை பூத்துவிடும், அவ்வளவு வேர்வை. அதனால் உப்புத் தண்ணீர். யார் அதிகம் குடிக்கிறானோ அவனே ஆம்பளை! அந்தப் போட்டியில் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. பிறகு என்ன ஆயிற்று? ஆட்டோமேட்டிக் பாய்லர் வந்தது. கண்ணாடி அறை வந்தது. ஃபேன் வந்தது. பட்டனை அமுக்கினால் போதும் என்று ஆயிற்று. வேர்வை போயிற்று. டிரம் போகவில்லை! அண்ணன் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அதே நாலு செம்பு உப்புத் தண்ணீரைக் குடித்தார். நாமும் குடித்தோம். வருடக் கணக்காகக் குடித்தோம். ஒருவனாவது ஏன் என்று கேட்டோமா?

முதலுதவி அறை சிஸ்டர் ஒருநாள் எல்லோருக்கும் பிரஷர் பார்த்தார். அண்ணன் கையை நீட்டினார். நான் பின்னால் நின்றேன்.

"அண்ணே, நூத்தித் தொண்ணூறு காட்டுது. இன்னைக்கே டாக்டரப் பாருங்க."

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? அந்த மெஷின் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். முப்பத்தோரு வருடப் பழக்கம்!

"முள்ளு ஒட்டிக்கிச்சும்மா. மூணாம் நம்பர் பாய்லர்லயும் இப்படித்தான் ஆகும்."

"இது மூணாம் நம்பர் இல்லண்ணே. உங்க கை."

"எனக்குத் தல சுத்தல, மயக்கம் வரல, படி ஏறுறேன், எறங்குறேன். அப்புறம் என்ன பிரஷரு?"

"சிஸ்டர், அண்ணன் சூடான ஆளு. கொஞ்சம் ஆறவச்சுப் பாருங்க" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். முதல் சிரிப்பு என்னுடையது.

இரண்டு வருடம். ஒரு வலி இல்லை, ஒரு சத்தம் இல்லை. பிறகு கால் வீங்கிற்று. ஷூ போட முடியவில்லை. அண்ணன் ஒரு நம்பர் பெரிய ஷூ வாங்கினார். முகம் வீங்கிற்று. "சம்பளம் ஏறினதும் அண்ணன் பூரிச்சுப் போயிட்டாரு" என்று அதற்கும் நான்தான் கிண்டல் செய்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு கிட்னியும் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது என்றார்கள்.

வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், டயாலிசிஸ். டிரம்மைக் கவிழ்த்துக் குடித்த மனிதருக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்! அதையும் மூடியில் ஊற்றி ஊற்றிக் குடிப்பார். அதைப் பார்த்த யாருக்காவது அன்று சோறு இறங்கியதா?

அந்த நிலையிலும் அவர் பாய்லர் ஹவுஸுக்கு வந்தார். கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தார்.

"டேய் சைரன், கிட்னின்னா என்னன்னு நெனச்ச?"

"ஒண்ணுக்குப் போற பைண்ணே."

"போடா மக்கு. பை வேற, கிட்னி வேற. பாய்லர்ல தண்ணி ஆவியாப் போயிடுது, உப்பு அடியிலயே தங்குது. ஷிப்டுக்கு ஒரு தடவ அடி வால்வத் தெறந்து விடுறோமில்ல? விடலன்னா?"

"பைப்பெல்லாம் போயிடும்."

"அந்த வால்வுதான்டா கிட்னி. முஷ்டி அளவுதான் ஒண்ணொண்ணும். உள்ளார பத்து லட்சம் சல்லட. ஒரு நாளைக்கு நூத்தி எம்பது லிட்டர வடிகட்டி, தேவையானத எல்லாம் திருப்பி எடுத்துக்கிட்டு, மிச்ச உப்பையும் தண்ணியையும் மட்டும் வெளிய விடுது. நீ உப்ப அதிகமாப் போட்டா, அது தண்ணியப் புடிச்சு வச்சுக்கும். அதே ரத்தக் கொழாயில தண்ணி ஏறினா என்ன ஆகும்?"

"பிரஷர் ஏறும்."

"பிரஷர் ஏறினா அந்தச் சல்லட கிழியும். சல்லட கிழிஞ்சா உப்ப வெளிய விட முடியாது. உப்புத் தங்கினா இன்னும் பிரஷர். போதாததுக்கு, பழுதான கிட்னி, ரத்தம் பத்தலன்னு நெனச்சுக்கிட்டு, கொழாய இறுக்கு, உப்பப் புடின்னு உடம்புக்குத் தப்பு சிக்னல் வேற அனுப்புமாம். சுத்திச் சுத்தி அதே எடம்டா."

அண்ணன் எழுந்து மூன்றாம் நம்பர் பாய்லரின் சேஃப்டி வால்வைக் காட்டினார்.

"இது தாங்க முடியலன்னா ஊரையே எழுப்பற மாதிரி கத்தும். உனக்கு எதுடா கத்தும்?" என்று என் நெஞ்சில் விரலை வைத்தார்.

அந்த விரல் இன்னும் இங்கேயே இருக்கிறது, தோழர்களே.

அன்றே டிரம்மை உருட்டிவிடச் சொன்னார். கரி யார்டு மேஸ்திரி, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க அண்ணே" என்று இழுத்தார். அண்ணன் விடவில்லை. "வெயில்ல லோடு எறக்குறவன் டாக்டரக் கேட்டுட்டுக் குடிக்கட்டும். ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து பட்டன் அமுக்குறவன் எதுக்குடா குடிக்கிற? குப்பைக்குப் போறது பண்டமா நீயான்னு முடிவு பண்ணிக்க." அந்த வாரமே சிஸ்டரை அழைத்து வந்து பதினோரு பேர் கையையும் பிடித்து நீட்ட வைத்தார். நாலு பேருக்கு ஏறியிருந்தது. அதில் மூன்று பேர் மாத்திரை எடுத்து இன்று நம் நடுவே நலமாக இருக்கிறார்கள். வெல்டர் தம்பி, கையைத் தூக்கு. பார்த்தீர்களா? இதைவிட ஒரு மனிதருக்கு என்ன சிலை வேண்டும்!

நாலாவது ஆள் யார்?

நான்தான்.

நூற்று எண்பதுக்கு நூற்றுப் பத்து. "சிஸ்டர், அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, ஏற்கெனவே ஒடிஞ்சு போயிருக்காரு" என்று, அண்ணன் அந்தப் பக்கம் திரும்பியதும், காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அண்ணனுக்காக இல்லை, சபையோரே. எனக்குப் பயம். தெரிந்தால் நிஜமாகிவிடும் என்ற பயம். டாக்டரிடம் போகவே இல்லை. எட்டு மாதம்! ஊரையெல்லாம் கிண்டல் செய்த வாய், ஒரு ஆஸ்பத்திரி வாசலைக் கண்டதும் வறண்டு போயிற்று. கேட்டைத் தொட்டுவிட்டு இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறேன்.

போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"உன் கேஜ் எவ்வளவு?"

"நூத்தி இருபதுண்ணே. பச்சப் புள்ள மாதிரி."

அண்ணன் நம்பவில்லை. என் பேண்ட்டைக் கொஞ்சம் தூக்கி, கணுக்காலில் கட்டை விரலால் அமுக்கினார். விரலை எடுத்தார். நீர் கோத்த காலில் குழி அப்படியே நின்றது. நாங்கள் இருவரும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மெதுவாக, மிக மெதுவாக அது மேலே வந்தது.

"எங்கிட்டப் பொய் சொல்லு, பரவால்ல. நான் போகப் போறவன். உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிடுடா."

பத்து நாளைக்கு முன், டயாலிசிஸுக்குக் கிளம்பி, படியில் உட்கார்ந்து அந்தப் பெரிய ஷூவுக்குள் காலை விட்டவர், எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது. அண்ணி, அந்த ஷூவின் கயிற்றை நீங்கள் கட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று சொன்னார்கள். அதற்கு என்னிடம் ஆறுதல் வார்த்தை இல்லை. இருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பேன். நான் சும்மா இருக்கிறவனா?

அடக்கம் முடிந்த மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று, உப்பை வெளியே விடு என்று கிட்னியிடம் சொல்லுமாம். உப்புப் போனால் தண்ணீரும் கூடவே போகும். நான் ஏன் இரண்டு முறை எழுந்து போனேன் என்று இப்போது புரிந்திருக்கும். மூன்று நாளைக்கு முன் ரத்தமும் எடுத்திருக்கிறார்கள். என் சல்லடையில் எவ்வளவு மிச்சம் என்று நாளை மறுநாள் தெரியும். மூன்று நாளாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அந்தக் குழி.

இதெல்லாம் என் மனைவிக்கு இப்போதுதான் தெரிகிறது. மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். நான் பார்த்துவிட்டேன். போதும். நாளை மறுநாள் நீயும் கூட வாம்மா. தனியாகப் போக எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நாம் உப்பைத் தட்டிப் பறித்தவரை நினைக்க வந்திருக்கிறோம். எப்படி நினைப்பது? கண்ணீர் விட்டுவிட்டு வெளியே போய்க் கடை வறுவலைக் கொறிப்பதா? இல்லை! அண்ணன் பேரால் உறுதி சொல்கிறேன். மாதத்தின் முதல் வேலை நாளில் பாய்லருக்கு முன் நம் கைக்குப் பிரஷர் பார்ப்போம். பயம் இருந்தால் பயத்தோடு நீட்டுவோம். நான் முதலில் நீட்டுகிறேன். அது இன்றே, இந்த அரங்கிலேயே தொடங்குகிறது. சிஸ்டர் வருவார், ஒருவர் பாக்கி இல்லாமல் பார்ப்பார்.

உங்களை எனக்குத் தெரியும். நழுவுவீர்கள். அதனால் நான் பேசத் தொடங்கியதும் வெளியிலிருந்து கதவைப் பூட்டிவிடும்படி லாரி டிரைவரிடம் சொல்லியிருந்தேன். அவர் பூட்டிவிட்டார். மெஷின் எடுக்கப் போயிருந்த சிஸ்டர் இப்போது வெளியே நிற்கிறார். ஜன்னல் வழியாகச் சொன்னார்கள். டிரைவர் சாவியோடு லோடு இறக்கப் போயிருக்கிறார். நாலு மணிக்கு வந்துவிடுவார். இப்போது மணி இரண்டே கால். எல்லோரும் உட்காருங்கள்.