ராகி பீரும் பதினோரு டம்ளர் டீயும்

அநியாயம் நடந்தது உங்களுக்குத்தாங்க, நான் இல்லேங்கல. பொண்ணு பாக்க வந்த எடத்துல, கேட்ட கேள்விக்கு ஒரு உண்மைய சொன்னீங்க. அதுக்கு எங்க சொந்தக்காரங்கல்லாம் ஒன்னு சேந்து உங்களக் குடிகாரனாக்கி வாசல் வரைக்கும் கொண்டாந்து வுட்டாங்க. தப்புத்தான். ஆனா கேள்வி கேட்டது நானு, அதனால தப்பு மொத்தமும் என்னுதுன்னு எங்கக்கா ஒரு வாரமா வூட்ல எல்லார்கிட்டயும் சொல்லுது பாருங்க, அது எனக்கு நடந்த அநியாயம். ரெண்டையும் தனித்தனியா பேசணும்.

உக்காருங்க. ஓசூர் பஸ்ஸு எடுக்க இன்னும் பத்து நிமிசம் ஆவும். கண்டக்டரே அங்க நின்னு போண்டா தின்னுட்டு இருக்காரு. என்னைய தெரியுதுல்ல? பூவிழி, கனிமொழியோட தங்கச்சி. டீத்தட்டோட வந்தவ.

பதிலா? சொல்றேங்க. சொல்லத்தான காலங்காத்தால மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கறேன். போன்ல சொல்லிரலாம்னுதான் அப்பா சொன்னாரு. "கெடுத்தவளே நேர்ல போயி சொல்லட்டும்"னு அக்கா சொல்லிருச்சு. ஆனா பதில மட்டும் சொன்னா உங்களுக்குப் புரியாது. வரிசையா வரணும்.

அண்ணே, ரெண்டு டீ. குடிப்பீங்கள்ல? ...பாத்தீங்களா, இப்பவும் அதே கேள்விதான் கேட்டேன். பேசாம தலைய ஆட்டுனீங்க. பீரு ஞாபகம் வந்துச்சா? வரல. அப்ப அன்னிக்கு மட்டும் எப்படி வந்துச்சு?

நான் எம்.ஏ. தமிழுங்க. 'குடி'ங்கறது செயப்படுபொருள் குன்றா வினை. என்னத்தக் குடிக்கறதுன்னு கூட ஒன்னு வந்தே ஆவணும். அன்னிக்கு அது எங்க இருந்துச்சு? என் கையில. பதினோரு டம்ளரு, ஆவி பறக்குது. அத்தன பெரிய செயப்படுபொருள மூஞ்சிக்கு முன்னால நீட்டிக்கிட்டு ஒருத்தி "குடிப்பீங்களா"ன்னு கேட்டா, நீங்க தட்டப் பாக்கணுமா, மேல ஃபேனப் பாக்கணுமா? ஃபேனப் பாத்தீங்க. பாத்துட்டு, "மாசத்துக்கு ஒரு தடவ, பீரு மட்டுங்க"ன்னீங்க.

உங்கம்மா தொடையில கிள்ளுனது எனக்கே தெரிஞ்சுது. அதுக்கப்பறமாச்சும் நிறுத்தலாம்ல? "எல்லா பீரும் இல்லைங்க, பெங்களூர்ல ஒரு எடத்துல ராகியில போடறாங்க, அதுதான் பிடிக்கும்"னு வெளக்கம் வேற. பொண்ணு பாக்க வந்தீங்களா, பாடம் நடத்த வந்தீங்களா?

அதுக்கும் மேல எங்கப்பா. மூனு ஏக்கர் ராகிக்காரரு. காலையில கூழு, மத்தியானம் களி. அவருக்கு பீருங்கறது காதுல வுழவே இல்ல, ராகி மட்டும் வுழுந்துச்சு. நாற்காலிய இழுத்துக்கிட்டு உங்க பக்கம் வந்துட்டாரு. "மொள கட்டறாங்களா, அப்டியே போடறாங்களா?" "மொள கட்டித்தாங்க." "எத்தன நாளு?" அங்க பொண்ணு பட்டுச்சேல கட்டிக்கிட்டுக் கதவோரம் நிக்குது. நீங்க ரெண்டு பேரும் ராகி மொளைக்கறதப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கீங்க.

அப்பத்தான் எங்க பெரியப்பா எந்திரிச்சாரு. "குடிக்கறவனுக்கு எங்கூட்டுப் பொண்ணா?"ன்னு. யாரு கேக்கறது பாருங்க. ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்ல மீன் வறுவல மடியில வெச்சிக்கிட்டு, "பீரெல்லாம் குடியில சேராது பாப்பா, அது ஒடம்பு சூட்டுக்கு"ன்னு எங்கிட்டயே சொன்ன மனுசன். பிராந்தி? அது சளிக்கு. வருசம் பூரா சளி. அதுலயும் பன்னீர் சோடா கலந்தாத்தான் சளி கேக்குமாம். நான் அங்கயே கேட்டுட்டேன், "பெரியப்பா, பீரு குடியில சேருமா சேராதா, ஒரு முடிவா சொல்லுங்க"ன்னு. பெரியம்மா சிரிச்சிருச்சு. அதோட கூட்டம் கலஞ்சுது. அந்தப் பழியும் எம்மேலதான்.

பதினோரு டம்ளரும் ஆறிப்போச்சு. ஒருத்தரு தொடல. நானும் சித்தியும் உக்காந்து ஆளுக்கு மூனு குடிச்சோம்.

என்ன, பஸ்ஸையே பாக்கறீங்க? எடுக்க மாட்டாங்க, கண்டக்டரு இப்பத்தான் ரெண்டாவது போண்டாவுக்கு வந்துருக்காரு.

அக்கா நாலு நாளு எங்கிட்ட பேசல. அத வெச்சுத்தான் அதுக்கு உங்களப் பிடிச்சிருக்குதுன்னு எனக்கே தெரிஞ்சுது. இதுக்கு முன்னாடி மூனு பேரு வந்துட்டுப் போனாங்க. அவங்க பஸ்ஸு ஏறுறதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் உள்ள உக்காந்து சிரிப்போம். இந்தத் தடவ சிரிக்கல. கோலி சோடா வாங்கியாந்து வெச்சேன், அதுக்கு உசுரு. அதையும் தொடல.

சரி... செயப்படுபொருள வுடுங்க. வேணும்னேதான் கேட்டேன். "டீயா காப்பியான்னு கேளு"ன்னுதான் அக்கா சொல்லியனுப்பிச்சுது. நான்தான் மாத்திக் கேட்டேன். எங்க சித்தியக் கட்டிக் குடுக்கறப்ப சித்தப்பாவையும் கேட்டாங்களாம், என்ன சாப்புடறீங்கன்னு. "எனக்குப் பாலுங்க, டீ கூட பழக்கமில்ல"ன்னாராம். அவரு குடி தாங்காம சித்தி ஏழு வருசமா எங்க வூட்லதான் இருக்குது. அதான். டீயா காப்பியான்னு கேட்டா, ஒன்னச் சொல்லிட்டு நிம்மதியா உக்காந்துருவாங்க. எதையும் சேக்காம வெறுமனே கேட்டா வாயில எது வருதுன்னு பாக்கலாம்னு நெனச்சேன். நீங்க பாலுன்னு சொல்லிருந்தீங்கன்னா நானே தொரத்தியிருப்பேன். இப்பிடி மொளகட்டி, அரச்சு, காய்ச்சற வரைக்கும் சொல்லுவீங்கன்னு யாரு கண்டா?

சிரிக்காதீங்க. டீயக் குடிங்க, ஆறுது.

சனிக்கெழம பெரியப்பா மறுபடியும் வந்து குதிச்சாரு. சித்தி வெங்காயம் உரிச்சிக்கிட்டே எங்கிட்ட கேட்டுச்சு, "அந்தப் பையன் ராகின்னானா, பாலுன்னானா?" "ராகின்னுதான் சொன்னாரு சித்தி." "அப்ப பேசி முடிங்க"ன்னுட்டு அடுப்புக்குப் போயிருச்சு. பெரியப்பாவுக்கு அதுக்கு மேல சளி பிடிச்சிருச்சு, கெளம்பிட்டாரு.

நேத்து காலையில அப்பா கூழுச் சட்டியோட உக்காந்து அக்காவக் கூப்ட்டாரு. ரெண்டு நாளு மொளகட்டுனா போதுமான்னு உங்கள மறுபடியும் கேக்கணும்னு ஆரம்பிச்சாரு, நான்தான் நிறுத்தி, விசயத்துக்கு வாங்கன்னேன். "மாதவராஜு தம்பிக்கு என்னம்மா சொல்லட்டும்?"ன்னாரு.

இருங்க, விசிலு அடிச்சா அடிக்கட்டும். டம்ளர வெச்சிட்டுப் போங்க, காசு நான் குடுத்துக்கறேன். ஒரே வரிதாங்க, படியில நின்னே கேளுங்க. அக்கா அப்பாவப் பாக்கல, என்னைத்தான் பாத்துச்சு. பாத்துட்டு, "பூ வெக்க வரச் சொல்லுங்கப்பா. அன்னிக்கு டீய நானே குடுத்துக்கறேன். இவள மாட்டுக்குத் தண்ணி காட்ட அனுப்பிருங்க"ன்னுச்சு.